போருக்குப் பின் ஆள், காணி, சிறை: சட்டத்தரணி என்ன செய்ய முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் அவர்களோடு வேலை செய்யும் இளம் சட்டத்தரணிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் 'உயர் நீதிமன்றம்' என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம். 'மேல் நீதிமன்றம்' அதற்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் கீழே, மாகாண மட்டத்தில் இருப்பது.

போர் 2009-இல் முடிந்துவிட்டது. இன்னும் சட்டத்தரணிக்கு என்ன வேலை?

மே 18-க்குப் பிறகு மூன்று கேள்விகள் எஞ்சின. இராணுவத்திடம் ஒப்படைத்த ஆள் எங்கே? விட்டுவந்த காணி யாருடையது? சிறையில் இருப்பவர் எந்த ஆதாரத்தில் இருக்கிறார்? இவற்றுக்குப் பதில் கிடைக்காத ஊரில் நல்லிணக்கம் என்று மேடையில் பேசினால் சனம் எழுந்து போய்விடும். அது நியாயமும்கூட.

சட்டத்தரணியால் எல்லா வழக்கையும் வெல்ல முடியாது. ஆனால் நடந்ததை, திகதியோடும் கையொப்பத்தோடும், எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்தும் நீதிமன்றப் பதிவில் ஏற்ற முடியும். ஆணைக்குழுக்கள் வந்து கேட்டுவிட்டுப் போகும், அரசாங்கங்கள் மாறும். நீதிமன்ற வழக்கேட்டில் ஏறிய சாட்சியத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தப் பதிவை எப்படி உண்டாக்குவது, எங்கே அது கெட்டுப்போகிறது என்பதைப் பற்றியவை.

இத்தனை ஆண்டு கழித்து ஆட்கொணர்வு மனு போடலாமா?

போடலாம். அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்புரைப்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும், 154P உறுப்புரைப்படி ஆள் தடுத்து வைக்கப்பட்ட மாகாணத்தின் மேல் நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம். இத்தனை நாளுக்குள் என்ற எல்லை இதற்கு எழுதப்படவில்லை. ஆனாலும் தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே சொல்லிவிட வேண்டும்: முகாமில் அடைபட்டிருந்தது, அச்சுறுத்தல், ஆணைக்குழுவின் பதிலுக்குக் காத்திருந்தது என எது உண்மையோ அதை.

மனு நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு விடயத்தில்: ஆள் எதிர்மனுதாரரின் கைக்குள் வந்தார் என்று காட்ட முடிகிறதா? 'காணாமல் போனார்' என்று தொடங்கும் மனு பாதியிலேயே தோற்றுவிட்டது. யார் முன்னிலையில், எந்த இடத்தில், எத்தனை மணியளவில், யாரிடம் ஒப்படைக்கப்பட்டார், சீருடை எப்படி இருந்தது, பேருந்தில் ஏற்றினார்களா, கூட நின்ற வேறு குடும்பங்கள் எவை என்பன முதல் சத்தியக் கடதாசியிலேயே (பிரமாணப் பத்திரம்) வர வேண்டும். பிறகு சேர்த்தால் சோடித்தது என்று குறுக்கு விசாரணையில் அடிப்பார்கள்.

முள்ளிவாய்க்காலில் சரணடைந்தவர்களுக்காகக் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் போட்ட மனுக்கள் இதற்கு நல்ல பாடம். மேல் நீதிமன்றம் விசாரணையை முல்லைத்தீவு நீதவானிடம் (மாஜிஸ்திரேட்) அனுப்பி அறிக்கை கேட்டது. அங்கே குறுக்கு விசாரணையில், சரணடைந்தோரின் பட்டியல் ஒன்று இருப்பதாக இராணுவ அதிகாரி ஒருவர் ஒப்புக்கொண்டார். பிறகு கொண்டுவரப்பட்டது கேட்ட பட்டியல் அல்ல. ஆனாலும் பட்டியல் உண்டு என்ற சொல் பதிவில் ஏறிவிட்டது. 2022 டிசம்பரில், ஆட்களை மன்றில் நிறுத்துமாறு இராணுவத்துக்கு மேல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆட்கள் வரவில்லை என்பது உண்மை. பல ஆண்டுகளாக மறுக்கப்பட்டுவந்த ஒப்படைப்பை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதும் உண்மை, அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆளை அவர்கள் கொண்டுவராவிட்டால் மனு வீண்தானே?

இல்லை. தெற்கில் 1980-களின் இறுதியில் காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களின் குடும்பங்கள் போட்ட வழக்குகள் இதற்கு வழி திறந்தன. 1994-இல் தீர்க்கப்பட்ட லீடா வயலட் வழக்கில், கைது நிரூபிக்கப்பட்டும் பொலிஸார் மறுத்தபோது, மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒவ்வொரு மனுதாரருக்கும் 100,000 ரூபா செலவுத்தொகை கட்ட உத்தரவிட்டு, குற்றவியல் நடவடிக்கைக்காக வழக்கேட்டைப் பொலிஸ் மா அதிபருக்கு அனுப்பியது. 2005-இல் திருகோணமலை இராணுவ முகாம் ஒன்றைப் பற்றிய மச்சவல்லவன் வழக்கில், தடுப்பில் இருந்தவர் காணாமல் போவது 13(4)-ஆம் உறுப்புரைக்குள் அடங்கும் உயிர்வாழும் உரிமையின் மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

இந்த இடத்தில் பல சட்டத்தரணிகள் தவறவிடும் ஓர் உறுப்புரை உண்டு: 126(3). ஆட்கொணர்வு மனு விசாரணையில் அடிப்படை உரிமை மீறலுக்கு முதற்பார்வைச் சான்று தெரிந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்கான ஒரு மாதக் காலக்கெடுவை எப்போதோ தாண்டிய குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் வாசல் இது. மனுவின் வேண்டுதல் பகுதியிலேயே இதைக் கேட்டு வையுங்கள்.

அந்த ஒரு மாதக் காலக்கெடு என்ன?

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 126(2) சொல்கிறது. போருக்குப் பிந்திய வழக்குகளில் அதிகம் பேரை வெளியே நிறுத்திய விதி இதுதான்.

ஒரு விலக்கு உண்டு. 1996-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதும் என்று நினைத்துப் பலர் தோற்றிருக்கிறார்கள். விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது என்று காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கும். ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும், அழைப்பையும், பிரதிவாதியிடம் அது விளக்கம் கேட்ட கடிதத்தின் பிரதியையும் வாங்கிக் கோவையில் வையுங்கள். வாய்மொழியாக 'பார்க்கிறோம்' என்றால், அன்றே அதைக் குறிப்பிட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

காணாமல் ஆக்கப்பட்டவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, படம். முகாம் பதிவு அட்டை. செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை அல்லது கடிதம் இருந்தால் அது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி. ஒவ்வோர் ஆணைக்குழுவிடமும் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு.

பல தாய்மார் ஐந்தாறு இடங்களில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள்: கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, 2013-இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு. ஒரு வாக்குமூலத்தில் மே 17, இன்னொன்றில் மே 18 என்றிருக்கும். பொய் சொல்லியதால் வந்த வேறுபாடு அல்ல இது. களைப்பு, மொழிபெயர்ப்பு, எழுதியவரின் அவசரம் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார். எல்லாப் பழைய வாக்குமூலங்களையும் முதலில் திரட்டி, திகதி வாரியாக ஓர் அட்டவணை போட்டு, முரண்களைப் புதிய சத்தியக் கடதாசியிலேயே விளக்கிவிடுவதுதான் ஒரே பாதுகாப்பு.

மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் சட்டத்தரணியிடமும்கூட. மன்று கேட்கும் நாளில் நீங்களே கொண்டுபோய்க் காட்டலாம்.

மரணச் சான்றிதழ் எடுக்கவா, காணவில்லை என்பதற்கான சான்றிதழ் எடுக்கவா?

2010-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவருக்கு மரணப் பதிவை எளிதாக்கியது. 2016-இல் வந்த திருத்தம், 'காணவில்லை' என்று சான்றிதழ் தரும் இரண்டாவது வழியைச் சேர்த்தது. இந்தச் சான்றிதழைக் கொண்டு சமூகநல உதவிக்கு விண்ணப்பிக்கலாம், வங்கி மற்றும் சொத்து அலுவல்களை நிர்வகிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலை ஒழுங்கு செய்யலாம். சொத்தை நிரந்தரமாகக் கைமாற்ற இது போதாது. திருமணத்தையும் இது முறிக்காது. சான்றிதழில் உள்ள செல்லுபடிக் காலத்தைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

தெரிவு குடும்பத்துடையது. இழப்பீடு வேண்டுமானால் மரணச் சான்றிதழ் எடு என்று நெருக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றித்தான் கவலை. மரணப் பதிவுக்காகக் கொடுக்கும் சத்தியக் கடதாசியில் 'இறந்துவிட்டார் என நம்புகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிடுகிறீர்கள். அதே ஆளுக்கு ஆட்கொணர்வு மனு நிலுவையில் இருந்தால், அந்த வரி மறுநாள் உங்களுக்கு எதிராக வாசிக்கப்படும். மனு போட்ட குடும்பம், போட எண்ணியிருக்கும் குடும்பம், சட்டத்தரணியைக் கேட்காமல் மரணப் பதிவுப் படிவத்தில் கையொப்பமிடக் கூடாது.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடம் போனால் நீதிமன்ற உரிமை போய்விடுமா?

போகாது. 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அந்த அலுவலகத்தின் வேலை தேடுவதும் பதிவதும். அதன் கண்டறிதல்கள் குற்றவியல் அல்லது குடியியல் பொறுப்பை ஏற்படுத்தா என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆகவே அது நீதிமன்றத்துக்கு மாற்று அல்ல. குடும்பங்களில் பலர் அதை நம்பவில்லை, தெருவில் தொடர்ந்து போராடுகிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்துவது சட்டத்தரணியின் வேலை அல்ல. போக விரும்புபவரோடு கூடப் போவதும், கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் பற்றுச்சீட்டு வாங்குவதும்தான் வேலை.

வலிந்து காணாமல் ஆக்குதல் 2018-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம், 20 ஆண்டு வரை சிறை. உறவினருக்கு உண்மையை அறியும் உரிமையும் அதில் உண்டு.

மனித எலும்பு தென்பட்டால் என்ன செய்ய வேண்டும்?

தொடாதீர்கள், எடுத்துப் பார்க்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பொலிஸுக்கும் அதே நேரம் ஒரு சட்டத்தரணிக்கும் சொல்லுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் அகழ்வுக்கு உத்தரவிடுபவர் நீதவான். அங்கே குடும்பங்களின் சட்டத்தரணி வெறும் பார்வையாளர் அல்ல: அதே சட்டத்தின் 260-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட தரப்புக்கு மன்றில் பிரதிநிதித்துவ உரிமை தருகிறது. முதல் நாளிலேயே எழுந்து பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பிறகு கேட்க வேண்டியவை பல. தோண்டும் இயந்திரம் உடனே நிறுத்தப்பட வேண்டும். தொல்லியலாளரும் சட்ட வைத்திய அதிகாரியும் கூடவே இருக்க வேண்டும். ஒவ்வோர் எலும்புத் தொகுதிக்கும் இலக்கம், அளவுகோல் வைத்த படம், மண் அடுக்கின் குறிப்பு வேண்டும். பொதி முத்திரையிடப்பட வேண்டும். எந்த அறையில், யார் பொறுப்பில், திறப்பு (சாவி) யாரிடம் என்பது மன்றின் வழக்கேட்டில் எழுதப்பட வேண்டும். இந்தக் கடைசி விடயத்தைச் சிறியது என்று விட்டால், பத்து ஆண்டு கழித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பும்போது 'இது அந்த எலும்புதானா' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

மன்னாரில் 2018-இல் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டட வளவில் தொடங்கிய அகழ்வில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஆறு மாதிரிகள் மட்டும் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கார்பன் சோதனைக்குப் போயின. 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு என்று முடிவு வந்தது, அகழ்வு நின்றது. முடிவு சரியா பிழையா என்பது ஒரு புறம் இருக்க, எந்த எலும்பிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து மாதிரி எடுப்பது, கூடக் கிடைத்த பொருள்கள் என்ன சொல்கின்றன என்பதை மாதிரி எடுக்கும் முன்பே எழுத்தில் வாதிட்டிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் கிடைத்த பாடம்.

கொக்குத்தொடுவாயில் 2023-இல் வெளிப்பட்ட குழியில் 52 பேரின் எச்சங்கள் கிடைத்தன. யாழ்ப்பாணம் செம்மணியில், அரியாலை சிந்துபாத்தி மயானத்தில், 2025-இல் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, சிறு பிள்ளைகளுடையவையும் அவற்றில் உண்டு. அங்கே உடைகளையும் பொருள்களையும் மக்கள் பார்த்து அடையாளம் சொல்ல மன்று 2025 ஆகஸ்ட்டில் அனுமதி கொடுத்தது. அப்படிப் பார்க்கப் போகும் குடும்பம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டிய தகவல்: உயரம், பழைய எலும்பு முறிவு, விழுந்த அல்லது அடைத்த பல், கடைசியாக உடுத்திருந்த உடுப்பின் நிறமும் தையலும், நகை. பார்த்த பிறகு எழுதினால் மதிப்புக் குறையும். மரபணு ஒப்பீட்டுக்குத் தாய், தந்தை, பிள்ளை ஆகியோரின் மாதிரியே சிறந்தது. தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். குடும்ப மாதிரிகளைச் சேகரித்துப் பாதுகாக்க உத்தரவு கேட்டு இன்றே மன்றில் விண்ணப்பிப்பது சட்டத்தரணிகள் தள்ளிப்போடக் கூடாத வேலை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவருக்காக முதல் 48 மணி நேரத்தில் என்ன செய்வது?

1979-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் இது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று பெயர், 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. இதன் உயிர்நாடி 16-ஆம் பிரிவு. சாதாரணச் சட்டத்தில் பொலிஸுக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தால் செல்லும். அது சுயவிருப்பில் கொடுத்ததல்ல என்று நிரூபிக்கும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக் காலத்தின் உச்ச எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தது, நீதவான் தடுப்பிடத்துக்குச் சென்று பார்க்கவும் சட்டத்தரணி சந்திக்கவும் இடம் கொடுத்தது. 16-ஆம் பிரிவைத் தொடவில்லை.

ஆகவே முதல் நாள்களில் செய்வதெல்லாம் அந்தச் சுமையை இறக்குவதற்கான சான்றைச் சேர்ப்பதுதான். கைது பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று அதன் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடம் நீங்களே கேளுங்கள், கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீதவான் முன் முதலில் நிறுத்தப்படும்போது, உடம்பில் காயம் இருந்தால் அதை மன்றின் குறிப்பில் ஏற்றச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்ப உத்தரவு கேளுங்கள். காயம் ஆறும். அறிக்கை இல்லாமல் ஐந்து ஆண்டு கழித்து அடித்தார்கள் என்று சொன்னால் சுமை இறங்காது.

எந்த மொழியில் வாக்குமூலம் எழுதப்பட்டது, யார் மொழிபெயர்த்தார் என்பதையும் விடாதீர்கள். சிங்கராசா வழக்கில், தமிழ் மட்டுமே பேசியவரின் ஒப்புதலைப் பொலிஸ்காரர் ஒருவர் மொழிபெயர்க்க, சிங்களத்தில் தட்டச்சு செய்து பெருவிரல் அடையாளம் வாங்கினார்கள். 50 ஆண்டு சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. நிரூபிக்கும் சுமையை அவர் மேல் வைத்தது நீதியான விசாரணைக்கு முரண் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல் சொன்னது. அந்த முடிவை நடைமுறைப்படுத்தக் கேட்டபோது 2006-இல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கைதாகி 12 மாதம் கழிந்தும் வழக்கு விசாரணை தொடங்கவில்லையானால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். அந்தத் திகதியை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

எங்கள் காணியை இராணுவத் தேவைக்கு எடுக்கப்போவதாக மரத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். என்ன செய்வது?

1950-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 2-ஆம் பிரிவு என்றால் இன்னும் ஆராய்வு நிலை. 4-ஆம் பிரிவு என்றால் ஆட்சேபனைக்கு நாள் குறித்திருப்பார்கள், 14 நாளுக்குக் குறையாது. 38-ஆம் பிரிவின் காப்புவாசகம் (அ) என்றால் அவசரமாக உடைமை எடுக்கிறார்கள், அன்றே ஓட வேண்டும். அறிவித்தலைப் படம் எடுங்கள், திகதி தெரியும்படி. அதில் எந்தப் பொதுத் தேவை என்று சொல்லப்பட்டிருக்கிறதா? மானெல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம், 2-ஆம் பிரிவு அறிவித்தலிலேயே பொதுத் தேவையைச் சொல்ல வேண்டும் என்று தீர்த்திருக்கிறது. வெறுமனே 'பொதுத் தேவைக்கு' என்றால் அதுவே வாதம்.

வலிகாமம் வடக்கில் 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கருக்கு ஒட்டிய அறிவித்தல்களில், உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. அவர்களில் பலர் பக்கத்து நலன்புரி முகாம்களில் இருபது ஆண்டுக்கு மேலாக இருந்தவர்கள். சட்டத்தரணிகள் முகாம் முகாமாகச் சென்று உறுதி (காணிப் பத்திரம்), நில அளவைப் படம், முகாம் அட்டை மூன்றையும் ஒரே கோவையில் கட்டி, 2,000-க்கும் மேற்பட்டோர் சார்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். உரிமையாளர் இல்லை என்ற கூற்றுக்கு அந்த எண்ணிக்கையே பதிலானது. 2015-க்குப் பிறகு கட்டம் கட்டமாகக் காணி விடுவிக்கப்பட்டதில் அரசியல் மாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் எடுத்தல் முற்றுப்பெறாமல் நின்றதற்கு அந்த மனுக்கள் காரணம் என்பதே எங்கள் மதிப்பீடு.

வர்த்தமானியையும் (அரசிதழ்) பார்த்தபடி இருக்க வேண்டும். 2025 மார்ச் 28-இல், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் சுமார் 5,940 ஏக்கரைப் பற்றி ஓர் அறிவித்தல் வந்தது: மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும். உறுதியைத் தொலைத்தவர், வெளிநாட்டில் இருப்பவர், முதுசம் (பரம்பரைச் சொத்து) பிரிக்காதவர் எப்படி மூன்று மாதத்தில் வருவார்? அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் ஜூன் மாத இறுதியில் இடைக்காலத் தடை விதித்தது.

காணியில் வேறு ஒருவர் வீடு கட்டியிருக்கிறார். பத்து ஆண்டு தாண்டிவிட்டது.

1871-ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு தடையின்றி ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம். போர்க்காலத்தில் ஓடியவரை இது தண்டிக்கக் கூடாது என்றுதான் 2016-இல் 5-ஆம் இலக்கச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் வந்தது: 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் ஆயுதக் குழுக்களின் செயலால் வழக்குத் தொடர முடியாதவர் என்று அதை வரைந்தார்கள். இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்தால் துரத்தப்பட்டவருக்கு அந்தச் சொற்கள் பொருந்தவில்லை. இரண்டு ஆண்டு மட்டுமே வழி திறந்திருந்தது என்பதால், கேள்விப்படும் முன்பே பலருக்கு அது மூடிவிட்டது.

அதைத் தவறவிட்டவருக்கும் வாதம் உண்டு. இருப்பவர் உங்கள் அனுமதியோடு வந்தாரா? 'பார்த்துக்கொள்' என்று எழுதிய ஒரு கடிதம் போதும், அனுமதியில் இருப்பவருக்குக் காலம் ஓடாது. இருப்பவர் உங்கள் சகோதரர், மச்சான் போன்ற கூட்டுரிமையாளரா? ஒருவரின் ஆட்சி எல்லோருடையதும் ஆகும், மற்றவரை வெளிப்படையாக வெளியேற்றிய செயலைக் காட்டினால் ஒழிய. அரச காணி மீது யாருக்கும் காலவிதிப்பு உரிமை இல்லை.

இதைத் தமிழருக்கு மட்டுமான துயரமாகப் பார்க்கக் கூடாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சிலரின் வீடுகளிலும் காணிகளிலும் இன்று தமிழர் இருக்கிறார்கள். அத்தகைய வழக்கில் முஸ்லிம் உரிமையாளருக்காக ஒரு தமிழ்ச் சட்டத்தரணி நேர்மையாக நிற்பது, எந்த நல்லிணக்கக் கூட்டத்தையும்விட அதிகம் செய்யும்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்டார். என் சீதனக் காணியை விற்க முடியவில்லை.

வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. நொத்தாரிசுகள் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவைச் சொல்வதில்லை: கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், சம்மதம் இல்லாமலே கைமாற்ற மாவட்ட நீதிமன்றம் உத்தரவு தரலாம். சுருக்க நடைமுறை மனு போதும். பொலிஸ் முறைப்பாடு, கிராம அலுவலரின் கடிதம், காணவில்லை என்பதற்கான சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள். இதற்காக மரணச் சான்றிதழ் எடுக்கத் தேவையே இல்லை.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியானால் விதி வேறு. 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்தாளரை (காணி அடுத்துச் சேர வேண்டியவரை) பெயர் குறிக்காவிட்டால் மகன்களுக்கே முன்னுரிமை இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்தது. எப்படியானாலும் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்து வைப்பதுதான் பின்னால் வரும் சண்டையைத் தடுக்கும்.

மத்தியஸ்த சபைக்குச் சட்டத்தரணியோடு போகலாமா?

முடியாது, அங்கே சட்டத்தரணி தோன்ற இடமில்லை. அதனால் போவதற்கு முன் ஒரு முறை ஆலோசனை கேளுங்கள்: எந்த எல்லைக்கு இணங்கலாம், எதில் கையொப்பமிடக் கூடாது என்று. எல்லைத் தகராறு, பாதை, பயன்தரு மரம் போன்றவற்றுக்கு மத்தியஸ்தம் நல்லது. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள், வழக்குக்கு அது வேண்டும்.

நீதிமன்றத்தில் எந்த மொழி?

அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் தமிழ். மற்ற மாகாணங்களில் சிங்களம், மொழிபெயர்ப்புக்கு உரிமை உண்டு. வழக்கு வேறு மாகாணத்துக்கு மாற்றப்படும்போதுதான் சிக்கல். 1996-இல் 24 பேர் கொல்லப்பட்ட திருகோணமலைக் குமாரபுரம் வழக்கு அநுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டு, 2016-இல் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் விடுவிக்கப்பட்டார்கள். தொலைவு, பயம், மொழி மூன்றும் சாட்சியின் மேல் விழும். இடமாற்றக் கோரிக்கை வந்த நாளிலேயே, சாட்சிகள் எத்தனை பேர், எங்கிருந்து வர வேண்டும், எந்த மொழி பேசுபவர்கள் என்று சத்தியக் கடதாசியோடு எதிர்க்க வேண்டும்.

சாட்சி சொல்லப் பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2006 ஜனவரி 2-இல் திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், போதிய சான்று இல்லை என்று 13 சந்தேக நபர்களும் 2019-இல் விடுவிக்கப்பட்டார்கள். முக்கிய சாட்சிகள் நாட்டைவிட்டு ஓடியிருந்தார்கள். 2015-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒலி, ஒளி இணைப்பு வழியாகச் சாட்சியம் கொடுக்க விண்ணப்பிக்கலாம். மிரட்டுவதே அதில் தனிக் குற்றம். அதைவிட முக்கியமானது, சாட்சியத்தைச் சீக்கிரம் நீதவான் முன் பதிவது. 1996-இல் கொல்லப்பட்ட கிருஷாந்தி குமாரசுவாமி வழக்கில் சில வாரங்களில் உடல்கள் மீட்கப்பட்டன, 1998-இலேயே தண்டனை வந்தது. விரைவு இருந்தது, சான்று கலையவில்லை.

சட்டத்தரணிக்கே ஆபத்து வந்தால்?

வந்திருக்கிறது. 1988-இல் தெற்கில் விஜேதாச லியனாரச்சி பொலிஸ் காவலில் கொல்லப்பட்டார். 2000 ஜனவரியில் குமார் பொன்னம்பலம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 ஏப்ரலில் ஹிஜாஸ் ஹிஸ்புல்லா பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2022 பெப்ரவரியில்தான் பிணையில் வந்தார். 2023-இல் குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார்.

சட்டத்தரணியைக் கட்சிக்காரரோடும் அவரது கொள்கையோடும் ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது என்று 1990-ஆம் ஆண்டின் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் சொல்கின்றன. நடைமுறையில் உதவுவது இதுதான்: முக்கிய வழக்குகளில் தனியாளாகத் தோன்றாதீர்கள், இருவர் மூவர் பெயர் பதிவில் இருக்கட்டும். கோவையின் பிரதி இரண்டு ஊர்களில் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் அன்றே சட்டத்தரணிகள் சங்கத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

பணம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறோம். எப்படி வழக்கு நடத்துவது?

1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்ற வளாகங்களிலேயே இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர் அற்றோர்ணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதும்போது, பொதுத் தத்துவம் வேண்டாம். இந்த வழக்கு, இந்தக் காணி, விற்கும் அதிகாரம் இல்லை என்று வரையறுத்த சிறப்புத் தத்துவம் போதும். இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இலங்கையில் பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பொதுத் தத்துவத்தைக் கொண்டு உறவினரே காணியை விற்ற வழக்குகள் வடக்கில் குறைவல்ல.

தண்டனை கிடைத்தாலும் மன்னிப்புக் கொடுத்துவிடுகிறார்களே?

2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015-இல் இராணுவச் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2019-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ மன்னிப்பு வழங்கினார். குடும்பங்களின் கோபம் முற்றிலும் நியாயமானது.

மன்னிப்பையே அடிப்படை உரிமை மனுவில் எதிர்க்கலாம், அந்த மனுவுக்கும் ஒரு மாதமே அவகாசம். மன்னிப்பு தண்டனையைத்தான் எடுக்கிறது. விசாரணையில் ஏறிய சாட்சியத்தையும் சட்ட வைத்திய அறிக்கைகளையும் அது அழிப்பதில்லை. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021-ஆம் ஆண்டு 46/1 தீர்மானத்தின்படி சான்று திரட்டும் செயற்றிட்டம் ஒன்று ஜெனீவாவில் இயங்குகிறது. உள்நாட்டு வழக்குகளின் சான்றுப்படுத்திய பிரதிகள் அதுபோன்ற இடங்களில் மதிப்புள்ளவை. ஆகவே வழக்கு முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், முழு வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.